சாம்பாருக்கு எதிரான கூட்டறிக்கை

நாவலூரில் பெண்கள் ஹாஸ்டல் நடத்துகிறவளுக்கு வராத வம்பே கிடையாது. தண்ணீர் லாரி வராது, வைஃபை செத்துப்போகும், கீசர் புகையும். எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் என் ஃபிரிட்ஜுக்குள் யாராவது நாட்டு எல்லை போடுவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

காலையில் இட்லி மாவு எடுக்கக் கதவைத் திறக்கிறேன். மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரைக்கும் நட்டநடுவில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறது. இடது பக்கம் கிம்மின் தயிர். வலது பக்கம் தொம்பியின் முட்டை. என் மாவுத் தூக்கு எந்த நாட்டைச் சேர்ந்தது என்று தெரியாமல் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது.

கிம்மும் தொம்பியும் வடகிழக்குப் பக்கம் ஒரே மாநிலத்துப் பெண்கள். எந்த மாநிலம் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த இடத்துக்கு இவள் ஒரு பேர் சொல்லுவாள், அவள் வேறு பேர் சொல்லுவாள், நான் எதைச் சொன்னாலும் ஒருத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். கிம் மலைக்காரி. தொம்பி சமவெளிக்காரி. மலைக்காரர்கள் எங்களைத் தனியாகப் பிரித்து விடு என்கிறார்கள். சமவெளிக்காரர்கள் ஒரு பிடி மண்ணைக்கூடப் பிரிக்க விடமாட்டோம் என்கிறார்கள். கிம் ஞானஸ்நானம் வாங்கிய சர்ச்சுக் கட்டடத்தை எரித்தாயிற்று. தொம்பியின் தாய்மாமன் வீட்டையும் எரித்தாயிற்று.

இந்த இரண்டு பேரும் இரண்டு வருடமாக என் ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஒருத்தி சட்டையை ஒருத்தி போட்டுக்கொண்டு போவாள். கோவளத்தில் கடலைப் பார்த்த ஒரு ரிசார்ட்டில் இரண்டு பேருக்கும் ஸ்பாவில் வேலை. பணக்காரர்கள் மனஅமைதி வேண்டுமென்று முதுகைக் காட்டிக் குப்புறப் படுப்பார்கள், இவர்கள் அமைதியைத் தேய்த்துத் தேய்த்து உள்ளே இறக்குவார்கள். அப்படிப்பட்ட கைக்காரிகள் இப்போது ஒரே வேனில் ஒருத்தி டிரைவர் பக்கத்திலும் ஒருத்தி கடைசி சீட்டிலுமாகப் போய்வந்தார்கள். வேன் டிரைவர் என்னிடம் வந்து, "இன்னாக்கா, ரெண்டும் பேய் புடிச்ச மாரி கீதுங்க" என்று முறையிட்டான்.

ஃபிரிட்ஜைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். மத்தியானம் டம்ளரைப் பார்த்தேன். ஒன்றின் அடியில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு. இன்னொன்றின் அடியில் நீலப் பொட்டு.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. என் அப்பா செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவர். அந்த ஊர் டீக்கடையில் எங்கள் ஜனத்துக்கென்று தனி டம்ளர் கூரையில் செருகியிருக்கும். எடுத்துக் குடித்துவிட்டு நாமே கழுவி நாமே செருகிவிட்டு வரவேண்டும். சாமியாவது ஒன்றாக வைத்துக்கொள்ளும் என்று சர்ச்சுக்குப் போனால், கல்லறைத் தோட்டத்தில் எங்களுக்கு ஒரு பக்கம், அவர்களுக்கு ஒரு பக்கம், நடுவில் சுவர். அதையெல்லாம் தாண்டி நான் சொந்தமாக ஒரு ஹாஸ்டல் வைத்து, அதில் அறுபது டம்ளர் வாங்கிப் போட்டிருக்கிறேன். எது யாருடையது என்று எனக்கே தெரியாது. அதுதான் என் பெருமை.

ஸ்பாவிலிருந்து அவர்கள் வந்ததும் டம்ளர் இரண்டையும் மேசைமேல் டங்கென்று வைத்தேன்.

"ரெண்டு பேரும் நல்லா கேட்டுக்கோங்க. ஃபிரிட்ஜுல கோடு போடு, செவுத்துல கோடு போடு, ஒன் மூஞ்சில கோடு போட்டுக்கோ. என் வூட்ல தனி டம்ளரு மட்டும் கெடையாது. அடிச்சிகினு சாவறதுன்னா சாவுங்கடி, ஒரே டம்ளர்ல தண்ணி குட்ச்சிட்டு சாவுங்க!"

இரண்டும் நெயில் பாலிஷை அழித்தன. அழித்ததோடு சரி. மறுநாளே துணிக்கொடியில் எல்லை வந்துவிட்டது. அப்புறம் பாத்ரூம். அறையில் மூன்றாவது கட்டிலில் இருந்த சிநேகா என்கிற திருச்சிப் பெண்ணின் கட்டில் கோட்டின் மேலேயே மாட்டிக்கொண்டது. ஐ.டி. கம்பெனிக்காரி, அவளுக்கு எதையும் எக்செல்லில்தான் யோசிக்க வரும். யார் எத்தனை மணிக்குக் குளிப்பது என்று கலர் கலராகக் கட்டம் போட்டுக் கொடுத்தாள். கடைசியில் அவள் குளிக்கவே அதில் நேரம் இல்லை.

கிம் என்னிடம் வந்து தனி அறை, தனி அலமாரி, தனி ஃபிரிட்ஜ் வேண்டும் என்றாள். இரண்டு வருடம் என்னோடு பழகியதில் தமிழ் என்னைப்போலவே பேசுவாள்.

"தனியா உட்டுரு ஆன்ட்டி. நான் யாரு வம்புக்கும் வர்ல."

தொம்பி அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள். "ரூம் ஒண்ணுதான் ஆன்ட்டி! பிரிக்க உட மாட்டேன்! வோணும்னா அவ வெளிய போவட்டும்!"

"நான் ஏன் போவணும்? ஜன்னலு பக்கம் எனுக்குத்தான் மொதல்ல குட்த்தாங்க!"

இவர்கள் ஊர்ச் சண்டையை டிவியில் மணிக்கணக்காகக் காட்டியபோது எனக்கு விளங்கவில்லை. என் இரண்டாவது மாடி மூன்றாவது அறையில் நின்றபோது முழுசாக விளங்கிவிட்டது.

ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். காயாத பெட்ஷீட்டுக்குப் பின்னால் கிம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சத்தமே இல்லாத அழுகை. அவள் சத்தம்போட்டு அழுதிருந்தால் நான் திட்டியிருப்பேன். சத்தமில்லாமல் அழுகிறவளை என்ன செய்வது? பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவளுக்கு லுன் என்று ஒரு தம்பி. கல்யாண வயதில் இருக்கிற ஆள், மினி லாரி ஓட்டுகிறான். மழையில் மலைப்பாதை சரிந்துவிட்டதாம். போன் மேப் வேறு வழி காட்டியதாம். அந்தப் பாழாய்ப்போன மேப்புக்கு மலையும் தெரியாது, சமவெளியும் தெரியாது, யார் யாரைக் கொல்லுவான் என்றும் தெரியாது. நேராகச் சமவெளிக்காரர்கள் கிராமத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டது. அங்கே ரோட்டில் தடுப்புக் கட்டை போட்டுக் காவல் காக்கிற பெண்கள் வண்டியைப் பிடித்து, அவனை ஊர்ச் சமுதாயக் கூடத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அடித்தார்களா இல்லையா தெரியாது. சுவரோரம் உட்காரவைத்து எடுத்த போட்டோ ஒன்று எல்லார் போனிலும் சுற்றுகிறது.

கிம் அந்தப் போட்டோவைக் காட்டினாள். பையன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிம் அவன் முகத்தை விட்டுவிட்டுப் பின்னால் சுவரில் இருந்த பச்சைக் கதவைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்தக் கதவு எனுக்குத் தெரியும் ஆன்ட்டி. தொம்பி காட்டிக்கீறா. அவுங்க ஊரு ஹாலு. அவ அம்மாவும் அந்த ரோட்டுல காவலு நிக்கிது."

போட்டோ வந்த தேதியைப் பார்த்தேன். அதற்கு மறுநாள் காலையில்தான் நான் மாவு எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன்.

தொம்பியிடம் போனேன். அவளும் போட்டோவைப் பார்த்திருக்கிறாள். தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். "எங்கம்மா மட்டும் இல்ல ஆன்ட்டி. அங்க ஊருப் பொம்பளைங்க எல்லாம் சேந்து கீறாங்க. உட்டுருன்னு ஒருத்தி சொன்னா அவளையே துரோகின்னுவாங்க. எங்க மாமா வூடு எரிஞ்சப்போ எந்த மலைக்காரி வந்து கேட்டா?"

வாயாடி என்று பேர் எடுத்தவள் நான். அவள் கட்டிலில் கிடந்த துணியை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

செங்கல்பட்டுக் கோர்ட்டில் தேவிப்பிரியா என்று ஒரு வக்கீல் உண்டு. கோவளத்து மீனவர் வீட்டுப் பெண், மனித உரிமை கேஸ் என்றால் ஃபீஸைக்கூடக் கேட்க மறந்துவிடுவாள். அவளிடம் ஓடினேன். அன்றைக்கே மனித உரிமை ஆணையத்துக்கு ஆன்லைனில் மனு தட்டினாள். எந்த மாவட்டம் என்ற கட்டத்தில் அந்த மாவட்டத்தின் பேரே இல்லை. புதிதாகப் பிரித்த மாவட்டமாம், கம்ப்யூட்டருக்கு இன்னும் தகவல் போகவில்லை. பக்கத்து மாவட்டத்தைப் போட்டு அனுப்பினால், சம்பவம் நீங்கள் போட்ட மாவட்டத்தில் நடக்கவில்லையே என்று பதில் வந்தது. தேவிப்பிரியா அசரவில்லை. அந்த ஊரில் அவளோடு படித்த ஒரு வக்கீல் இருந்தார். அவரை வைத்துக் கலெக்டர், ராணுவம் என்று எல்லாக் கதவையும் தட்டினாள்.

"அக்கா, அவனைக் கூட்டிட்டுப் போறதுக்கு ஆர்மிக்காரங்க பாலத்துல வந்து நிக்கிறேன்னுட்டாங்க. உள்ள பூந்து தூக்குனா சுடுற மாரி ஆயிடும், அத்தினி பொம்பளைங்க கீறாங்க. அவுங்களா கதவத் தொறந்து அனுப்பணும். அவுங்களாண்ட பேச ஒரு ஆளு வோணும்."

பேசக்கூடிய ஆள் ஒருத்திதான். அவளுடைய மகள் என் ஹாஸ்டலில் துணிக்கொடியை அளந்துகொண்டிருந்தாள்.

என் வீட்டுக்காரர் மோசஸ் மறைமலைநகரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் இருக்கிறார். கத்திப் பேசத் தெரியாத மனிதர். அதனாலேயே யூனியனில் எப்போதும் பேச்சுவார்த்தைக் கமிட்டிக்கு அவரைத்தான் அனுப்புவார்கள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். டிபன் பாக்ஸைக் கழுவப் போட்டுவிட்டு யோசித்தார்.

"கேன்டீன்ல ஆரம்பிக்கணும் ஜெசி."

"இன்னாய்யா ஒளற்ற?"

"எந்தப் பேச்சுவார்த்தையும் கேன்டீன்லதான் ஆரம்பிக்கணும். சம்பளத்துல ஆரம்பிச்சா அன்னிக்கே முறிஞ்சிரும். போண்டால ஆரம்பிச்சின்னு வையி, ஹெச்.ஆர்.காரனும் அதே போண்டாவத்தான துன்றான், அவனும் ஆமா நல்லால்லன்னுவான். ஒரு தபா ஆமான்ன வாயி அடுத்த தபாவும் ஆமான்னும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டைனிங் ஹாலில் பேச்சுவார்த்தை. மோசஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். மேசையை எதிரெதிராகப் போட்டுத் தண்ணீர் பாட்டில் வைத்தார். குறிப்பெடுக்க சிநேகா லேப்டாப்போடு வந்தாள். ஒரு பக்கம் கிம், தொம்பி இரண்டு பேரையும், நடுவில் ஒரு நாற்காலி காலியாக விட்டு, உட்காரச் சொன்னார். எதிர்ப் பக்கத்தில் என்னை உட்காரவைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"யோவ், நான் இன்னாத்துக்கு இந்தப் பக்கம்?"

"நீதான நிர்வாகம்."

"அடப்பாவி மனுசா!"

"முதல் பொருள், உணவு" என்றார் மோசஸ். "குறைகள் இருந்தால் தயங்காமல் சொல்லலாம்."

நானும் மிதப்பாகத்தான் உட்கார்ந்திருந்தேன். என் சமையலில் என்ன குறை?

"சாம்பார்" என்றாள் தொம்பி, மேசையைப் பார்த்து.

"டெய்லி" என்றாள் கிம், சுவரைப் பார்த்து.

"காலைல சாம்பார். நைட்டுக்கு அதே சாம்பார், தண்ணி ஊத்தி."

"முருங்கக்காய முழுங்கணுமா துப்பணுமான்னு ரெண்டு வருசமா யாரும் சொல்லல."

"வெள்ளிக்கெழம பூசணிக்கா சாம்பார். அது சாம்பாரே இல்ல, அழுவுற மாரி கீது."

"நிறுத்துங்கடி!" என்று எழுந்தேன்.

"நிர்வாகம் குறுக்கிடக் கூடாது" என்றார் மோசஸ்.

லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கி சிநேகா கேட்டாள். "அங்கிள், உப்புமாவையும் இதுலயே சேத்துடலாமா, இல்ல தனித் தலைப்பா போடவா?"

கையை ஊன்றி மறுபடி உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊர் உறங்கும்போது எழுந்து பருப்பு வேகவைப்பவள் நான். என் வயிற்றெரிச்சல் இருக்கட்டும், அங்கே நடந்ததைச் சொல்கிறேன். கிம் சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். தொம்பி அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். கிம் திருத்தினாள். தொம்பி இல்லை இல்லை என்றாள். சமவெளி மொழி இரண்டு பேருக்கும் தெரியும், இத்தனை வாரமாக அதில் ஒரு வார்த்தை பேசாதவர்கள் இப்போது ஒருத்தி பேச்சை ஒருத்தி பிடுங்கிக்கொண்டு பேசினார்கள்.

"இன்னாடி பேசறீங்க? என்னைத்தான திட்றீங்க?"

"இல்ல ஆன்ட்டி, மீனு" என்றாள் தொம்பி. புளிக்கவைத்த மீனைச் சுட்டு, மிளகாயைச் சுட்டு, வேகவைத்த காயோடு போட்டு இடிப்பார்களாம். மலையிலும் அதுதான், சமவெளியிலும் அதுதான், பேர்தான் வேறு. ஒரே ஒரு நாள் அடுப்படியை விட்டுக்கொடுத்தால் போதுமாம்.

"கோரிக்கை ஏற்கப்படுகிறது" என்றார் மோசஸ்.

"யார கேட்டுய்யா ஏத்துகினே?" என்றேன். ஆனாலும் எழுந்து செருப்பை மாட்டினேன். நானும் அந்த இரண்டு பெண்களும் பஸ் ஏறிக் கோவளம் போனோம்.

அந்த மீன் இங்கே ஏது? கருவாட்டைத்தான் வாங்க வேண்டும். கடற்கரையில் கருவாடு விற்கிற மாரியம்மாவின் கூடைக்கு முன்னால் இரண்டும் உட்கார்ந்து, ஒவ்வொரு கருவாடாக எடுத்து மோந்து பார்த்து, "நாத்தம் பத்தாது" என்று திருப்பிப் போட்டன. மாரியம்மா வியாபாரத்தில் இப்படி ஒரு குறையைக் கேட்டதே இல்லை. "இன்னாம்மா ஜெசிந்தா, நாறுதுன்னுதான் எல்லாரும் சண்டைக்கு வருவாங்க, இதுங்க எங்கேந்து வந்துதுங்க?" என்று அசந்துபோய், வீட்டுக்குள் போய்த் தன் சொந்தச் செலவுக்கு வைத்திருந்த பழைய கருவாட்டுப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டும் ஒரே நேரத்தில் மூக்கை உள்ளே விட்டன. ஒன்றையொன்று பார்த்தன. தலையை ஆட்டின.

அடுப்பில் கருவாடும் மிளகாயும் சுட ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் என் ஹாஸ்டல் காலி. மென்பொருள் எழுதுகிற பெண்களெல்லாம் துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினார்கள். எதிர்வீட்டுக் கட்டட ஓனர் பூவராகவன் போன் போட்டார். கடலோரத்தில் இருந்த நிலத்தை விற்றுவிட்டு நாவலூரில் பெரிய மனிதராகி, சாலட் சாப்பிட்டு நடைப்பயிற்சி போகிறவர். திட்டப்போகிறார் என்று காதை அரை அடி தள்ளிப் பிடித்தேன்.

"யம்மா ஜெசிந்தா" என்றார் தாழ்ந்த குரலில், "எங்கூட்டுக்காரிக்குத் தெரியாம ஒரு கிண்ணம் குட்த்தனுப்பேன்."

இந்தப் புகையிலும் இருமலிலும்தான் தொம்பியின் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா வீடியோவில் வருகிற வழக்கம். தொம்பி பழக்கதோஷத்தில் பச்சைப் பொத்தானைத் தொட்டுவிட்டாள். திரையில் அந்த அம்மாவின் முகம். இந்தப் பக்கம் தொம்பிக்குப் பின்னால் மிளகாய் இடித்துக்கொண்டு கிம். அந்த அம்மா வாயைத் திறந்தவர் மூடவில்லை. முன்பெல்லாம் கிம்முக்கும் சேர்த்துத்தான் அவர் பார்சல் அனுப்புவார்.

தொம்பி அணைக்கப் போனாள். நான் போனைப் பிடுங்கினேன்.

"வணக்கம்மா. நான் ஜெசிந்தா. ஒம் பொண்ணுக்கு சோறு போட்றவ. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒங்க ஹால்ல ஒரு ஆளு கீறானே, அவன் சோறு துன்றானா?" என்று கேட்டுவிட்டுத் தொம்பியைப் பார்த்து, "சொல்லுடி!" என்றேன்.

கிம்மின் கையில் உலக்கை நின்றுபோயிற்று. அதைப் பார்த்த பிறகு தொம்பி மெதுவாகச் சமவெளி மொழியில் சொன்னாள். அந்த அம்மா சுருக்கென்று ஏதோ பதில் சொன்னார்.

"தட்டு வெச்சா தள்ளிட்றானாம். திமிருன்றாங்க."

கிம் திரும்பினாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து, அந்த அம்மாவின் மொழியிலேயே வந்தது. தொம்பி எனக்கு முணுமுணுத்தாள். "அவனுக்கு அல்சராம் ஆன்ட்டி. காரம் துன்னா ரத்தமா வருமாம். திமிரு இல்லன்றா."

அந்த அம்மா தலையைத் திருப்பிப் பின்னால் யாரையோ பார்த்து ஓங்கிக் கத்தினார். நான் பயந்துவிட்டேன்.

"இன்னாடி?"

"காரமில்லாம கஞ்சி வையிடின்னு யாரையோ திட்டுது."

எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துவிட்டது.

ஆனால் விடுவது என்று பேச்சு வந்ததும் அவர் கையை விரித்தார். அவர்கள் ஊர் எருமை இரண்டு மேய்ந்துகொண்டே மலைப்பக்கம் போய்விட்டனவாம். மலைக்காரர்கள் பிடித்துக் கட்டிப்போட்டுவிட்டார்களாம். எருமை வராமல் ஆளை விட்டால் பெண்கள் கூட்டத்தில் அவரை உயிரோடு விடமாட்டார்களாம்.

கிம் உலக்கையைக் கீழே போட்டாள். "என் தம்பியும் எருமையும் ஒண்ணா?"

"மனுசனுக்கு மாடு மாத்தா?" என்று நானும் கத்தினேன். "என் வூட்ல நின்னுகினு அந்தப் பேச்சு பேசக் கூடாது! மனுசன் மனுசன்தான்!"

அந்த அம்மா அங்கே கத்த, தொம்பி நடுவில் கத்த, எல்லாம் முறிந்தது என்றே நினைத்தேன். மோசஸ் வாசலில் நின்று இருமிக்கொண்டே கையைத் தூக்கினார்.

"ரெண்டு ஐட்டமா போடுவோம். ஐட்டம் ஒண்ணு, வழி தவறிய கால்நடைகளை உரியவங்களாண்ட சேக்கறது. ஐட்டம் ரெண்டு, வழி தவறிய மனுசன் வூட்டுக்குப் போறது. ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் சம்பந்தம் கெடையாது. ரெண்டும் ஒரே நாள்ல நடந்துச்சின்னா அது தற்செயல்."

இதே தந்திரத்தில்தான் அவர் கம்பெனியில் சஸ்பெண்ட் ஆன ஆளை உள்ளே எடுக்கவைத்தார். தொம்பி மொழிபெயர்த்தாள். அந்த அம்மா யோசித்து, கூட்டத்தில் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். கிம் தன் மலை ஊர்ப் பாஸ்டரின் மனைவிக்குப் போன் போட்டாள். அங்கே புதுச் சிக்கல். ஒரு எருமை மலையிலேயே கன்று போட்டுவிட்டது. கன்று மலையில் பிறந்தது, ஆகவே மலைக்குத்தான் சொந்தம் என்று அங்கே ஒரு கட்சி. தாய் எங்களுடையது, கன்றும் எங்களுடையது என்று சமவெளியில் ஒரு கட்சி. தேவிப்பிரியா ஸ்பீக்கரில் வந்து, "பால் குடிக்கிற கன்னத் தாயாண்டருந்து பிரிக்கறது பாவம், சட்டத்த அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். கன்றின் எதிர்காலம் அடுத்த கட்டப் பேச்சுவார்த்தைக்கு ஒத்திவைக்கப்படுவதாகவும், அதுவரை தாயோடு இருக்கலாம் என்றும் மோசஸ் எழுதவைத்தார். சிநேகா அதை எல்லாருக்கும் அனுப்பினாள். முதல் வரியில் சாம்பார்தான் இருந்தது. அழிடி என்றால், ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான் ஆன்ட்டி என்றாள்.

அந்த நாளும் வந்தது. பாலத்தில் ராணுவம் நிற்கும், தேவிப்பிரியாவின் நண்பர் நிற்பார், மலையிலிருந்து எருமை இறங்கும், கிராமத்திலிருந்து லுன் ஏறுவான். கிம்மும் தொம்பியும் லீவு போட்டுவிட்டு டைனிங் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். காலி நாற்காலி இன்னும் நடுவில்தான் இருந்தது. இட்லியை யாரும் தொடவில்லை. நானும் திட்டவில்லை.

தொம்பியின் போனில் அவள் அம்மாவிடமிருந்து செய்தி வந்தது. எருமை வந்துவிட்டது. கன்றும் வந்துவிட்டது. அவ்வளவுதான். லுன்னைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

தொம்பி திருப்பிக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். தேவிப்பிரியாவின் நண்பரின் போனும் கிடைக்கவில்லை. கிம் தொம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொம்பிக்கு அந்தப் பார்வையில் உயிர் போயிற்று. மாட்டை வாங்கிக்கொண்டு மனிதனை முடித்துவிட்டார்களோ என்று நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். மோசஸ் பைபிளை எடுத்து வைத்துக்கொண்டு தலைகீழாகப் பிடித்திருந்தார்.

கிம்மின் போன் அடித்தது. தெரியாத எண். எடுத்தாள். அந்தப் பக்கம் ஒரு ஆண்குரல். கிம் கேவிக் கேவி அழ ஆரம்பித்தாள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கையிலிருந்து போன் நழுவியதைக் காலி நாற்காலியில் தாவி வந்து பிடித்தவள் தொம்பி. பிடித்து, காதில் வைத்து, தன் சமவெளி மொழியில் அவனிடம் இரண்டு வார்த்தை சொன்னாள்.

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

தொம்பி போனை மேசையில் வைத்துவிட்டுச் சுவர்வரைக்கும் பின்னால் போய் ஒட்டிக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் சொல்லல ஆன்ட்டி. அக்கா அழுவுது, இருன்னுதான் சொன்னேன். அவ்ளோதான் சொன்னேன்."

அவள் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. அத்தனை நாள் அவனைச் சுற்றி நின்று கத்திய மொழி அது. அக்காவின் போனிலும் அதே மொழி வந்தால் அந்தப் பிள்ளை என்ன நினைப்பான்? தன்னைப் பிடித்தவர்கள் அக்காவையும் பிடித்துவிட்டார்கள் என்றுதானே நினைப்பான்? தொம்பிக்கும் அது புரிந்துவிட்டது. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

போன் மறுபடி அடித்தது. இந்த முறை கிம் ஸ்பீக்கரில் போட்டாள். அவன் அவர்கள் மலை மொழியில் மூச்சிரைக்க என்னவோ கேட்டான். கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டான். கிம் நைட்டியின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சுவரோடு நின்ற தொம்பியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே போனில் ஒரே ஒரு வரி சொன்னாள்.

அந்தப் பக்கம் அவன் உடைந்து அழுகிற சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் தொம்பி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, அவனைவிடச் சத்தமாக அழ ஆரம்பித்தாள். இரண்டு வருடம் ஒரே அறையில் படுத்ததில் மலை மொழி அவளுக்கு ஓரளவு பிடிபடும். எனக்குத்தான் ஒரு மண்ணும் விளங்கவில்லை.

"இன்னாடி சொன்னா? சொல்லித் தொலையேன்டி, எனக்கு உசுரு போவுது!"

தொம்பி முகத்தை மூடியிருந்த கையை எடுக்காமலே சொன்னாள்.

"'பயப்படாத, அது நம்ம தொம்பிதான்'னு சொன்னா ஆன்ட்டி."